ஒற்றை ஆள், ஒரு ஜோடித் துடுப்பு, ஒரு பெருங்கடல்: தனியாகக் கடல் தாண்டுவது எப்படி? குமரியிலிருந்து ஏன் யாரும் கிளம்புவதில்லை?

2025 பிப்ரவரி 28. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையிலிருந்து சுமார் 740 கி.மீ. தள்ளி, பவளக் கடலில் ஒரு சின்னப் படகு. உள்ளே ஒரே ஒரு ஆள். லிதுவேனியாவைச் சேர்ந்த ஔரிமாஸ் மோக்குஸ், வயது 44. முந்தைய அக்டோபரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் துடுப்பைக் கையில் எடுத்தவர், பிரிஸ்பேன் போய்ச் சேர வேண்டும் என்று ஏறக்குறைய ஐந்து மாதமாக பசிபிக்கில் வலித்துக்கொண்டிருந்தார். 12,000 கி.மீ. பயணத்தின் கடைசிக் கட்டம். அப்போதுதான் எதிரே ஆல்ஃபிரட் புயல். மணிக்கு 100 கி.மீ. காற்று, ஏழு மீட்டர் வரை அலை. அவசரக் கருவியின் பொத்தானை அழுத்திவிட்டார்.

மறுநாள் தேடுதல் விமானம் ஒன்று அவரோடு ரேடியோவில் பேசியது. மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியக் கடற்படையின் சூல்ஸ் கப்பல் அவரைப் பத்திரமாகத் தூக்கி ஏற்றியது.

ஒரு ஆளுக்காக ஒரு விமானம், ஒரு போர்க்கப்பல். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கு வேறொரு புயல் ஞாபகத்துக்கு வரும். அதற்குப் பிறகு வருவோம். முதலில், ஒரு மனிதர் தனியாகத் துடுப்பு போட்டே பெருங்கடலைத் தாண்டுவது எப்படிச் சாத்தியம் என்று பார்த்துவிடலாம்.

பாய்மரப் பயணமும் இதுவும் ஒன்றா?

இல்லை. பலரும் இங்கேதான் குழம்புவார்கள். கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி உலகைச் சுற்றி வந்தது பாய்மரப் படகில். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, சக அதிகாரி தில்னாவுடன் 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, 2025 மே 29-ல் திரும்பியதும் தாரிணி என்ற பாய்மரப் படகில்தான். பாய்மரத்தில் காற்றை வேலை வாங்கலாம். கொஞ்சம் திறமை இருந்தால் எதிர்க்காற்றில்கூட வளைந்து வளைந்து முன்னேறலாம்.

துடுப்புப் படகில் அந்த வசதி கிடையாது. பாயும் இல்லை, எஞ்சினும் இல்லை. கை, கால், முதுகு மட்டும்தான். நம் பழைய தமிழில் இதைத் ‘தண்டு வலித்தல்’ என்பார்கள். ‘வலித்தல்’ என்றால் இழுத்தல். மற்றொரு பொருளும் இந்த விளையாட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்படிப் பெருங்கடலைத் தாண்டிய முதல் ஜோடி என்று பதிவானவர்கள் ஹார்போ, சாமுவெல்சன் என்ற இரண்டு நார்வேக்காரர்கள். 1896-ல் நியூயார்க்கிலிருந்து பிரிட்டன் பக்கமுள்ள சில்லி தீவுகளுக்கு 55 நாளில் வந்து சேர்ந்தார்கள். தனி ஆளாக யாராவது செய்ய அதற்குப் பிறகு எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஜான் ஃபேர்ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1969 ஜனவரியில் கனேரித் தீவுகளில் கிளம்பி, 180 நாள் கழித்து ஜூலை 19-ல் ஃபுளோரிடா கரையில் ஏறினார். மறுநாள் மனிதன் நிலவில் கால் வைத்துவிட்டான். பாவம், செய்தித்தாளில் அவருக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்! ஆனால் அப்போலோ 11 வீரர்களே அவருக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்கள்.

அதே 1969-ல் நம் பக்கத்திலும் ஒரு கதை நடந்தது. பினாகி ரஞ்சன் சட்டர்ஜியும் ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக்கும் கொல்கத்தாவிலிருந்து அந்தமானுக்கு ஒரு சின்னத் துடுப்புப் படகில் போய்ச் சேர்ந்தார்கள். வங்காள விரிகுடாவில் 33 நாள். படகின் பெயர் கனோஜி ஆங்கரே. இன்றைக்கு அந்தமானுக்கு ஃப்ளைட் டிக்கெட் தேடும்போது இவர்களை ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

அட்லாண்டிக்கைத் தனியாகத் துடுப்பு போட்டுக் கடந்த முதல் இந்தியர் மும்பையைச் சேர்ந்த பாவிக் காந்தி. 2007-ல் கனேரித் தீவுகளிலிருந்து கரீபியனின் ஆன்டிகுவா தீவு வரை 106 நாள். பெங்களூரில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த அனன்யா பிரசாத், 2025 ஜனவரி 31 அன்று அதே ஆன்டிகுவாவில் கரையேறினார். 52 நாள், 5 மணி, 44 நிமிடம். அட்லாண்டிக்கைத் தனியாகத் துடுப்பு போட்டுத் தாண்டிய வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். கன்னடக் கவிஞர் ஜி.எஸ்.சிவருத்ரப்பாவின் பேத்தி. வழியில் சுக்கான் பழுதாகி, அலைக்கு நடுவே தானே சரிசெய்ய வேண்டியிருந்தது.

தூரம் சுமார் 4,800 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்றரை முறை போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அனன்யாவின் கணக்கில் பார்த்தால் ஒரு நாளைக்கு சராசரி 92 கி.மீ., அதாவது மணிக்கு நாலு கி.மீ.கூட இல்லை. காலையில் பார்க்கில் வாக்கிங் போகிறவர்களின் வேகம்தான். ஆனால் 52 நாள், ராத்திரியும் பகலும்.

படகு எப்படி இருக்கும்? எங்கே தூங்குவாங்க?

படகின் நீளம் ஏழு மீட்டர் அளவு, அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஒரு கார் பார்க்கிங் இடத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நடுவில் திறந்த தளம், அதில் தண்டவாளம் மாதிரி ஒன்றில் முன்னும் பின்னும் நகரும் இருக்கை. துடுப்பு வலிப்பது கை வேலை என்று நினைப்போம். உண்மையில் பெரும்பகுதி கால் வேலை. காலை உதைத்து நீட்டும்போதுதான் படகு நகரும்.

இரண்டு முனைகளிலும் சவப்பெட்டி அளவுக்கு ஒரு அறை (அந்த ஒப்பீடு துடுப்பாளர்களே சொல்வதுதான்). ஒன்று தூங்க, மற்றொன்று சாமான் வைக்க. இந்த அறைகளின் கதவு காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். அதில்தான் உயிரே இருக்கிறது. பெரிய அலை வந்து படகைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும், அறைக்குள் அடைபட்ட காற்றும் அடியில் இருக்கும் பாரமும் சேர்ந்து படகைத் தானாக நிமிர்த்திவிடும். புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால், அந்த நேரம் அலை வந்தால், படகு நிமிராது.

மேலே சோலார் பேனல். அந்த மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி ஓடும். ஜி.பி.எஸ்., பக்கத்தில் வரும் கப்பல்களுக்கு ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சொல்லும் ஏ.ஐ.எஸ்., சேட்டிலைட் போன் எல்லாமே அதில்தான். சாப்பாடு பெரும்பாலும் உலரவைத்த பாக்கெட் உணவு, வெந்நீர் ஊற்றினால் தயார். நாளைக்கு 5,000 கலோரி வரை செலவாகும் என்பதால் என்ன சாப்பிட்டாலும் போதாது. கரையேறும்போது பத்து கிலோவுக்கு மேல் குறைந்து போகிறவர்கள் உண்டு. டாய்லெட்? ஒரு வாளி.

நான்கு பேர் கொண்ட குழு என்றால் இரண்டு மணி நேரம் வலிப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு என்று முறைவைத்துக் கொள்வார்கள். படகு நிற்காது. தனி ஆளுக்கு அது முடியாது. பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வலித்துவிட்டு அவர் தூங்கும்போது படகு காற்று போன திசைக்குப் போகும். சாயந்திரம் முன்னேறியதில் கொஞ்சத்தை விடியும்போது இழந்திருப்பது சாதாரணம். எதிர்க்காற்று பலமாக அடித்தால் வலித்தும் பலனில்லை. அப்போது ‘பாரா ஆங்கர்’ என்று ஒன்றைக் கடலில் இறக்குவார்கள். பாராசூட்டேதான், தண்ணீருக்குள் விரியும். படகை ஒரே இடத்தில் பிடித்து, முனையை அலைக்கு நேராகத் திருப்பி வைக்கும். ஆள் அறைக்குள் படுத்துக் கதவை மூடிக்கொள்வார். சில சமயம் நாள்கணக்கில்.

உடம்பு சமாச்சாரத்தில் சினிமாவில் காட்டாதது உப்புப் புண். உப்பு ஊறிய துணி தோலில் உரசி உரசி, உட்காருகிற இடமெல்லாம் புண்ணாகும். அதனாலேயே தனியாகப் போகிற பலர் நடுக்கடலில் உடையே போடாமல் துடுப்பு போடுகிறார்கள். படகின் அடியில் கொட்டலசு ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும். அதைச் சுரண்ட இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலில் குதிக்க வேண்டும். ஐந்து கி.மீ. ஆழத் தண்ணீர், பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாவற்றிலும் இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் வீணும் இல்லை. இடுப்புக்குக் கீழே இயக்கமற்ற அமெரிக்கப் பாராலிம்பிக் வீராங்கனை ஏஞ்சலா மாட்சன், 2020 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய்க்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். பாரா ஆங்கர் கட்டும் இடத்தைச் சரிசெய்யத் தண்ணீரில் இறங்கப் போவதாகத் தகவல் சொன்னார். பிறகு உடல்தான் கிடைத்தது. பசிபிக்கைத் தனியாகத் துடுப்பு போட்டுத் தாண்டிய முதல் ஆளான பீட்டர் பேர்டு, 1996-ல் மறுபடி பசிபிக்கில் போனபோது திரும்பி வரவில்லை.

அப்போ கன்னியாகுமரியிலிருந்து ஏன் கிளம்புறதில்லை?

முக்கடல் சங்கமத்தில் நின்று தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நிலமே இல்லை என்று கைடுகள் சொல்வார்கள். ‘கடல் தாண்ட இதைவிட நல்ல இடம் ஏது?’ என்று தோன்றும். ஆனால் இந்தியப் பெருங்கடலைத் துடுப்பு போட்டுக் கடந்தவர்களில் பெரும்பாலோர் கிளம்பியது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து. ஆண்டர்ஸ் ஸ்வெட்லண்ட் 1971-ல் கல்பாரியில் கிளம்பி 64 நாளில் மடகாஸ்கர் போனார். இந்தக் கடலைத் தனியாகக் கடந்த முதல் ஆள் அவர். முதல் பெண், பிரிட்டனின் சாரா அவுட்டன். 2009-ல் ஃப்ரீமேன்டிலில் கிளம்பி 124 நாளில் மொரீஷியஸ்.

காரணம் காற்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கி மாதக்கணக்கில் ஒரே சீராக அடிக்கும் வணிகக் காற்று உண்டு. அட்லாண்டிக்கில் கனேரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு அடிப்பதும் அதே வகை. துடுப்பு போடுகிறவர் அதன் முதுகில் ஏறிக்கொள்கிறார். பாதி உழைப்பு ஆளுடையது, மீதி காற்றுடையது.

நம் கடல் அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பேர் வைத்திருக்கிறது கடற்கரைத் தமிழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, கடலில் வள்ளத்தைப் புரட்டிப் போடும். குமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு கடற்கரை, இரண்டு சட்டம்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று அடிக்கும். நீரோட்டமும் மேற்கே திரும்பும். ஏட்டுக் கணக்கில் பார்த்தால், அப்போது குமரியில் கிளம்புகிற ஒருவரை அது மாலத்தீவு பக்கம் தள்ளும். மாலே நகரம் இங்கிருந்து 600 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இன்னும் தள்ளினால் சுமார் 3,000 கி.மீ. தாண்டி சோமாலியா. அங்கே போய்க் கரையேற யாருக்கும் ஆசை இருக்காது. நடுவில் லட்சத்தீவையும் மாலத்தீவையும் ஒட்டி, பெரிய சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதை. அந்தக் கப்பல்களின் மேல்தளத்திலிருந்து ஏழு மீட்டர் படகு கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, காற்று சாதகமாகத் தொடங்கும் அதே நவம்பர், டிசம்பர்தான் புயல் மாதமும்.

தனியாக இல்லாவிட்டாலும், இவ்வளவு தூரம் போகிறவர்கள் இங்கே இருக்கிறார்களே

இருக்கிறார்கள். இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக உள்ள ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தூண்டில்காரர்கள். சுறாவும் சூரையும் தேடி கொச்சி, மங்களூர், கோவா, குஜராத் துறைமுகங்களிலிருந்தும் கிளம்புவார்கள். ஒரு நடை கடலுக்குப் போனால் ஒரு மாதம், அதற்கு மேலும். டியாகோ கார்சியா தீவுப் பக்கம் போய் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் மாட்டிய படகுகளும் உண்டு. அந்தத் தீவு குமரி முனையிலிருந்து சுமார் 1,800 கி.மீ.

இவர்களிடம் ‘ஒரு ஆள் தனியா துடுப்பு போட்டு அட்லாண்டிக்கைத் தாண்டினான்’ என்று சொன்னால், முதல் கேள்வி ‘தனியா எதுக்குடே போகணும்?’ என்றுதான் வரும். நியாயமான கேள்வி. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போவதே அங்கே பாதுகாப்பு. ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லைத்தான் உலகம் ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டது. துடுப்பும் பாயுமாகக் கட்டுமரத்தில் போன தலைமுறைக்குப் பேரன் பேத்திகள் இன்றும் இந்த ஊர்களில் உண்டு. அவர்களுக்குத் துடுப்பு சாகசம் இல்லை, சோறு.

இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது தைரிய வித்தியாசம் இல்லை. ஒரு பொத்தான்.

அந்தப் பொத்தான் என்ன செய்யும்?

மோக்குஸ் அழுத்தியது போன்ற கருவிகளில் முக்கியமானது ‘இபர்ப்’. ஒரு தண்ணீர் பாட்டில் அளவு. 406 மெகாஹெர்ட்ஸில் சேட்டிலைட்டுக்கு சமிக்ஞை அனுப்பும். குறைந்தது 48 மணி நேரம் ஓயாமல் அனுப்ப வேண்டும் என்பது விதி. சில வகைகள் படகு மூழ்கினால் தானாகவே கழன்று மேலே மிதந்து வேலையைத் தொடங்கும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போர் காலத்திலேயே கனடா, பிரான்ஸோடு சேர்ந்து தொடங்கிய ‘கோஸ்பாஸ்-சார்சாட்’ என்ற ஏற்பாடு இது. மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் கடலில் தவிப்பவனைத் தேடுவதில் ஒத்துப்போனார்கள்.

இந்தியாவும் இதில் உண்டு. நம் பகுதி சமிக்ஞைகள் இஸ்ரோவின் பெங்களூரு மையத்துக்கு வரும். அங்கிருந்து மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போதைய ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய இடங்களில் உள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குப் போகும்.

அபிலாஷ் டோமியைக் காப்பாற்றியதும் இதே ஏற்பாடுதான். 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். பெர்த் நகரிலிருந்து 1,900 கடல்மைல் தொலைவு. இந்திய, ஆஸ்திரேலிய விமானங்கள் தேடின. மூன்றாம் நாள் பிரான்ஸின் ஒசிரிஸ் கப்பல் வந்து எடுத்தது. காரணம், அவர் எங்கே கிடக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொத்தான் இருந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்று அர்த்தமில்லை. 75 வயது பிரெஞ்சுக்காரர் ழான்-ழாக் சாவான் 2022 ஜனவரியில் அட்லாண்டிக்கில் அவசர சமிக்ஞை அனுப்பினார். அசோர்ஸ் தீவுகள் அருகே படகு கவிழ்ந்து கிடந்தது. அவர் பிழைக்கவில்லை. ஆனாலும் எங்கே தேடுவது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

ஒக்கி: எங்கே தேடுவது?

2017 நவம்பர் 30. இலங்கைக்குத் தென்மேற்கே இருந்த தாழ்வு மண்டலம் மளமளவென்று வலுத்து, காலையில் ‘ஒக்கி’ என்று பேர் வாங்கி, குமரி முனைக்குத் தெற்கே நெருங்கிக் கடந்தது. நாஞ்சில் நாட்டில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கரையில் இருந்தவர்களுக்கு அது புயல். கடலில் இருந்தவர்களுக்கு அது முன்னறிவிப்பே இல்லாத புயல்.

மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று நவம்பர் 29-ம் தேதி எச்சரிக்கை வந்தது. ஆனால் ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே போய்விட்டன. போனவர்களிடம் யார், எப்படிச் சொல்வது? மொபைல் சிக்னல் கரையிலிருந்து சில பத்து கி.மீ.யில் அற்றுப்போகும். படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவும் நேர்க்கோட்டில்தான் எட்டும். அதுவும் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கும் படகுக்கு உதவாது. எஞ்சியது ஒரு படகு அடுத்த படகுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி...

கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து பிழைத்தவர்கள் உண்டு. துடுப்பாளரின் படகு தானாக நிமிர்கிற மாதிரி மீன்பிடிப் படகு நிமிராது. வலையும் தூண்டிலும் ஐஸும் மீனும் ஏற்றுவதற்குச் செய்த படகு அது. தமிழ்நாடு, கேரளா இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை எல்லாம் தேடத்தான் செய்தன. பலரை மீட்கவும் செய்தன. ஆனால் தேட ஒரு புள்ளி வேண்டும். மோக்குஸுக்குப் புள்ளி இருந்தது. இவர்களுக்கு இருந்தது அரபிக்கடல் முழுவதும். கடைசியில் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று ஊரில் உள்ள மற்ற மீனவர்களுக்குத்தான் ஓரளவு தெரியும். அவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

காணாமல் போன ஒருவர் இறந்ததாகச் சட்டம் ஏற்றுக்கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தில் உள்ள பொதுவிதி. அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை, அதோடு சேர்ந்த எதுவும் இல்லை. ஒக்கிக் குடும்பங்களுக்காக அந்தக் காத்திருப்பைத் தவிர்த்து, தமிழக அரசு 20 லட்ச ரூபாய் நிவாரணம் கொடுத்தது. உடலைப் பார்க்காத வீட்டில் அந்தச் சான்றிதழை வாங்கக் கை நீட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

சேட்டிலைட் போன் கொடுத்தால் தீர்ந்ததே?

ஒக்கிக்குப் பிறகு குமரி மீனவர்கள் உரக்கக் கேட்டதும் அதுதான். இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. பெருங்கடல் துடுப்பாளர்கள் பலர் வைத்திருப்பது இரிடியம் வகை போன். இந்தியாவில் துரையா, இரிடியம் போன்களை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கெடுபிடி இன்னும் இறுகியது. பையில் அந்த போனோடு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். அனுமதி உள்ள சேவையை பி.எஸ்.என்.எல். தருகிறது. போன் விலையும் நிமிடக் கட்டணமும் சாதாரண மொபைல் மாதிரி இருக்காது.

அதனால் அரசு வேறு வழிகளில் போனது. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. சேட்டிலைட் வழியாகப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் மீனவரின் போனுக்கு வரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது.

‘ஆபத்து’ என்று கரைக்குச் சொல்லும் கருவி 2010-லிருந்தே இஸ்ரோவிடம் இருந்தது. அதில் இருந்த குறை, சமிக்ஞை போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தினவருக்குத் தெரியாது. கொந்தளிக்கிற கடலில் நின்று பொத்தானை அழுத்திவிட்டு, அது வேலை செய்ததா என்றே தெரியாமல் காத்திருப்பதை யோசித்துப் பாருங்கள். 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி இதைச் சரிசெய்தது. கிடைத்துவிட்டது, உதவி வருகிறது என்ற பதில் கடலுக்கே போகும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் போகும்.

இதற்குப் பக்கத்தில், கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும், இருபக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஒக்கி வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு சின்ன விவரம். இபர்ப் கருவியை வாங்கியதும் பதிவு செய்ய வேண்டும். படகின் பெயர், எத்தனை பேர், கரையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். சமிக்ஞை வந்ததும் மீட்பு மையம் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, அந்த எண்ணுக்குப் போன் போடுவது. ஒக்கி சமயத்தில் இது தலைகீழாக நடந்தது. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்ற பட்டியலை ஊர் ஊராக, வீடு வீடாகக் கேட்டு, பங்குக் கோயில்களில் உட்கார்ந்து கையால் எழுதி, அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதிகாரிகளின் கணக்கும் ஊரின் கணக்கும் பொருந்தவில்லை.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். குமரிக்கோ குளச்சலுக்கோ சுற்றுலா போகிறவர்களும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளலாம், சிக்னல் இருக்கும் தூரம் வரை.